180க்கு 50: டேஷ்போர்டுல ஒரு ஓட்டையின் கதை

காருக்குள்ள பாட்டு கேக்குறது இன்னிக்கு ஒரு விஷயமே இல்ல. சாவி போட்டா போதும், போனும் வண்டியும் தானாப் பேசிக்கிட்டு, நேத்து விட்ட இடத்துல இருந்து பாட ஆரம்பிச்சுடுது. ஆனா இந்த நிலைக்கு வந்து சேர கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆயிருக்கு மக்களே. அந்த நூறு வருஷத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தா ஒரு வேடிக்கை தெரியுது. வண்டிக்குள்ள புதுசா ஒரு பொருள் நுழையும்போதெல்லாம், முதல்ல அதை உள்ள கொண்டு வந்தது பெரும்பாலும் கார் கம்பெனி இல்ல. ஸ்க்ரூ டிரைவரும் சால்டரிங் அயனும் கையில வச்சிருந்த யாரோ ஒரு ஆளு. அவனுக்குப் பின்னாடி கம்பெனி வந்துச்சு. கடைசியா சட்டம் வந்துச்சு. இந்த வரிசையைத்தான் இன்னிக்குப் பேசப் போறேன்.

நான் தேனி மாவட்டம் ஓடைப்பட்டிக்காரன். சின்னமனூர்ப் பக்கம், விதையில்லா திராட்சைக்குப் பேர் போன ஊர். பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில எதையாவது மாட்டிப் பார்க்குறது எனக்குப் பழைய பொழுதுபோக்கு. அதனால கதை சிகாகோவுல ஆரம்பிச்சாலும் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்துதான் முடியும், பயப்படாதீங்க :-)

முதல் ஓட்டை

1928ல சிகாகோவுல பால் கால்வினும் அவரோட தம்பி ஜோசப்பும் கால்வின் மேனுஃபேக்சரிங் கார்ப்பரேஷன்னு ஒரு சின்ன கம்பெனி ஆரம்பிச்சாங்க. வீட்டு ரேடியோவை பேட்டரி இல்லாம கரண்ட்ல ஓட வைக்கிற எலிமினேட்டர்தான் முதல் சரக்கு. 1929ல பங்குச் சந்தை விழுந்து வியாபாரம் படுத்துருச்சு. அப்பதான் காருக்கு ரேடியோன்னு இறங்கினாங்க. 1930 ஜூன் மாசம் அட்லாண்டிக் சிட்டியில ரேடியோ தயாரிப்பாளர்கள் மாநாடு. கால்வினுக்கு உள்ள கடை போடக் காசு இல்ல. தன்னோட கார்லயே ரேடியோவை மாட்டி, மாநாட்டு வாசல்ல நிறுத்தி, சத்தமா வச்சு விட்டாரு. ஆர்டர் கிடைச்சுது. அந்த மாடலோட பேர் 5டி71. மோட்டார்ங்கிற வார்த்தையோட அந்தக் காலத்து பாட்டுப் பெட்டிகளுக்கு வைக்கிற 'ஓலா'வைச் சேர்த்து மோட்டரோலான்னு பேர் வச்சாங்க. 1947ல கம்பெனிக்கே அந்தப் பேர் ஆயிடுச்சு.

அன்னிக்கு அதை வண்டியில மாட்டுறது லேசுப்பட்ட வேலை இல்ல. கூரைத் துணியைப் பிரிச்சு உள்ள ஏரியல் ஓட்டணும். வால்வுக்கு வேண்டிய உயர் வோல்ட் கொடுக்க, தனியா பேட்டரிகளைத் தரைக்கு அடியில வைக்கணும். இஞ்சின்ல ஒவ்வொரு ஸ்பார்க் பிளக் பொறியும் ரேடியோவுல 'கடகட'ன்னு கேக்கும். அதை அடக்க சப்ரஸர், கண்டென்சர்னு தனித்தனியா மாட்டணும். கிட்டத்தட்ட ஒரு நாள் வேலை. விலை நூறு டாலருக்கு மேல. புது ஃபோர்டு காரே ஐநூறு டாலர் வாக்குல கிடைச்ச காலம் அது!

ஜெர்மனியில 1932ல ப்ளாபுங்க்ட் ஏஎஸ்5 வந்துச்சு. அதோட விலை ஒரு கார் விலையில மூணுல ஒரு பங்கு. அதே 1930கள்ல அமெரிக்காவுல, 'ஓட்டுறவன் கவனம் சிதறும், காருக்குள்ள ரேடியோ கூடாது'ன்னு தடை போடவும் பேச்சு நடந்துச்சு. இன்னிக்கு செல்போனுக்குச் சொல்ற அதே வாதம்.

கார் கம்பெனிகளும் சும்மா இருக்கல. 1956ல க்ரைஸ்லர், ஓடுற காருக்குள்ள இசைத்தட்டு சுத்துற 'ஹைவே ஹை-ஃபை'ன்னு ஒண்ணைக் கொண்டு வந்தாங்க. நிமிஷத்துக்கு 16⅔ சுத்து மட்டுமே சுத்துற தனி தட்டு. வீட்டுல இருக்குற தட்டு அதுல ஓடாது, அதுக்குன்னு போட்ட தட்டுதான் வாங்கணும். சில வருஷத்துலயே மூடிட்டாங்க. 'என் பொருளுக்கு என்கிட்டயே வாங்கு'ங்கிற யோசனை காருக்குள்ள ரொம்பப் பழசுங்க.

நம்ம பக்கம்: லைசென்ஸும் வால்வும்

இந்தியாவுல ரேடியோ வச்சிருக்கவே லைசென்ஸ் வேணும். 1933ஆம் வருஷத்து வயர்லெஸ் டெலிகிராபி சட்டம் அப்படி. போஸ்ட் ஆபீஸ்ல பணம் கட்டி, புத்தகத்துல ஸ்டாம்ப் ஒட்டி வாங்கணும். காசு கொடுத்து வாங்கின செட்டுக்கு வருஷா வருஷம் சர்க்காருக்குத் தனியா அழணும். 1980கள்லதான் படிப்படியா அது ஒழிஞ்சுது.

இந்தக் கட்டுப்பாட்டுக் காலத்துல நம்ம ஊர்ல ஒருத்தர் பஸ்ஸையும் ரேடியோவையும் சேர்த்தே யோசிச்சாரு. கோயமுத்தூர் ஜி.டி. நாயுடு. 1920ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல ஒரே ஒரு பஸ் ஓட்டி ஆரம்பிச்சவர், அதையே யுஎம்எஸ்ங்கிற பெரிய போக்குவரத்து நிறுவனமா வளர்த்தாரு. பஸ்ஸுக்கு டிக்கெட் மெஷின், இஞ்சின் அதிர்வைச் சோதிக்கிற கருவின்னு வண்டிக்குத் தேவையானதைத் தானே செஞ்சாரு. 1941ல அஞ்சு வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செஞ்சு கொடுக்க முடியும்னு அறிவிச்சாரு. 1952ல 2000 ரூபாய்க்கு ரெண்டு பேர் போற பெட்ரோல் கார்னு ஒண்ணு செஞ்சப்போ, அரசாங்கம் லைசென்ஸ் தரல. செய்யத் தெரிஞ்ச கை முன்னாடி, அனுமதி பின்னாடி. நான் முதல்ல சொன்ன வரிசைக்கு இதைவிட நல்ல உதாரணம் நம்மகிட்ட இல்ல.

அம்பாசிடர் ஓடின காலத்துல வண்டிக்குள்ள ரேடியோன்னா அது பெரிய வீட்டு விஷயம். அதுலயும் ரெண்டு சிக்கல். ஒண்ணு, பழைய வண்டிகள்ல டைனமோ. வண்டி நின்னு மெதுவா ஓடும்போது அது சார்ஜ் பண்ணாது. லைட்டும் போட்டு ரேடியோவும் வச்சா மறுநாள் காலையில நாலு பேர் தள்ளணும். இன்னொண்ணு, பிரிட்டிஷ் வழி வந்த பழைய வண்டிகள் பலதுல பாடிக்குப் போறது பாசிட்டிவ். வால்வு செட் பலதுக்கு அது பெரிசா உறைக்காது. டிரான்சிஸ்டர் செட்டை மாத்தி மாட்டினா ஒரே நொடியில பொட்டுன்னு போயிடும். வயரைத் தொடுறதுக்கு முன்னாடி பேட்டரியில எந்த முனை பாடிக்குப் போகுதுன்னு பார்க்குற பழக்கம் பெரிய எலக்ட்ரீசியன்களுக்கு இருக்குறது அதனாலதான்.

ஜீப்பும் கேசட்டும்

1963ல பிலிப்ஸ் கேசட்டை வெளியிட்டாங்க. 1960களோட கடைசியில அது காருக்குள்ள வந்துடுச்சு. நம்ம கிராமத்துக்கு வந்து சேர்ந்தது 1980கள்ல. சிங்கப்பூர்ல இருந்தும் வளைகுடாவுல இருந்தும் வர்றவங்க கையில டெக் வந்துச்சு. அது கிடைக்காதவங்களுக்கு உள்ளூர்லயே அசெம்பிள் பண்ணின செட்.

கம்பம் பள்ளத்தாக்குல டெக் முதல்ல ஏறினது சொகுசு கார்ல இல்ல, ஜீப்புல. காலையில இருட்டு பிரியுறதுக்கு முன்னாடியே எங்க பள்ளத்தாக்குல இருந்து ஜீப்புங்க கிளம்பும். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டுன்னு மலையேறி இடுக்கிப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களைக் கொண்டு போய் விட்டுட்டு சாயந்தரம் கூட்டிட்டு வரும். இன்னிக்கும் போகுது. அந்த ஜீப்புக்குள்ள ஒரு டெக், பின்னாடி ரெண்டு ஸ்பீக்கர், சாமி படத்தைச் சுத்தி ஒரு சீரியல் செட். எந்த ஜீப்புல பாட்டு நல்லா இருக்கோ அதுல ஏற ஒரு போட்டியே இருக்கும். பாடுறது யாரு? பக்கத்து ஊர் பண்ணைப்புரத்துக்காரர்தான். 1976ல அன்னக்கிளி வந்ததுக்கு அப்புறம் எங்க பக்கத்து வண்டிகள்ல வேற ஆளுக்கு அவ்வளவு சீக்கிரம் இடம் கிடைக்கல :-)

1990கள்ல கோடைப் பண்பலை வந்ததும் கதை மாறிச்சு. 100.5. கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேல 2000 மீட்டருக்கும் உசரம். எஃப்எம் அலை பெரும்பாலும் நேர்க்கோட்டுல போறது. டவர் எவ்வளவு உசரமோ அவ்வளவு தூரம் எட்டும். ஓடைப்பட்டியில நின்னு வடக்கே பார்த்தா பழனி மலைத்தொடர். தடையே இல்ல. அதுவரைக்கும் இலங்கை வானொலியை இரைச்சலோட கேட்டுக்கிட்டிருந்த வண்டிகள்ல திடீர்னு கண்ணாடி மாதிரி சத்தம். மத்திய அலையில கேக்குற பிளக் பொறி 'கடகட'வும் எஃப்எம்ல பெரும்பாலும் காணாமப் போச்சு. ஆனா மலை வளைவுல ஏறி அந்தப் பக்கம் திரும்பினதும் பாட்டு அறுந்துடும். அப்ப மறுபடி கேசட்.

4440ங்கிற மந்திரம்

எலக்ட்ரானிக்ஸ் நோண்டின யார்கிட்டயும் '4440'னு சொல்லிப் பாருங்க, முகம் மலரும். சான்யோ செஞ்ச எல்ஏ4440ங்கிற ஆம்ப்ளிஃபயர் ஐசி. அதுக்கு முன்னாடி 810, டிடிஏ2003. இதுல 2003, 4440 ரெண்டும் கார் ஸ்டீரியோவுக்குன்னே பிறந்தவை. பன்னிரண்டு வோல்ட்டுல ஓடும், சூடு ஏறினாலும் ஷார்ட் ஆனாலும் தன்னைத் தானே காப்பாத்திக்கும். நம்ம ஆளுங்க என்ன பண்ணாங்க? காருக்குப் பிறந்த ஐசியை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. மரப்பெட்டி, ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு 4440 போர்டு. டீக்கடையில இருந்து பொங்கல் விழா வரைக்கும் அதுதான். கார் வாங்க வசதி இல்லாத ஊருக்குள்ள கார் ஸ்டீரியோ நுழைஞ்ச வழி இது.

இங்க ஒரு கணக்கு சொல்லிடுறேன், ஏமாறாம இருக்க உதவும். வண்டி ஓடும்போது பேட்டரி முனையில சுமார் 14.4 வோல்ட். சாதாரண ஆம்ப்ளிஃபயர்ல அதுல பாதி, 7.2 வோல்ட் வரைக்கும்தான் அலை மேலயும் கீழயும் ஆடும். 4 ஓம் ஸ்பீக்கர்ல இது கிட்டத்தட்ட 6½ வாட். ரெண்டு ஆம்ப்ளிஃபயரை எதிரெதிரா பிரிட்ஜ் பண்ணினா நாலு மடங்கு, 26 வாட். அவ்வளவுதான் கணக்கு! 4440ஓட தாள்லயும் ரெண்டு பக்கமும் 6 வாட், பிரிட்ஜ்ல 19 வாட்னுதான் போட்டிருக்கு. அதுக்கு மேல வேணும்னா வோல்ட்டை ஏத்துற தனி சர்க்யூட் உள்ள இருக்கணும். பொட்டி மேல '1000 வாட் பிஎம்பிஓ'ன்னு ஒட்டி வித்தாங்களே, அது ஸ்டிக்கரோட வாட் :-)

அந்த 180க்கு 50

இப்ப தலைப்புக்கு வருவோம். கார் கம்பெனி ஒவ்வொண்ணும் ரேடியோ வைக்கிற இடத்தை ஒரு அளவுல வெட்டிக்கிட்டிருந்தாங்க. ஒரு வண்டி செட்டு இன்னொண்ணுல உக்காராது. ஜெர்மன்காரங்க இதுக்கு ஒரு தர அளவு வச்சாங்க: அகலம் 180 மில்லிமீட்டர், உயரம் 50 மில்லிமீட்டர். டின் அளவுன்னு சொல்றோமே அதுதான். 1980கள்ல அது உலகத் தரமாவே ஆயிடுச்சு. பின்னாடி வர்ற வயருக்கும் ஒரு வழக்கம் வந்துச்சு. மஞ்சள் எப்பவும் பேட்டரி. சிவப்பு சாவி போட்டா மட்டும். கறுப்பு பாடி. வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது ஸ்பீக்கர்.

இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிங்க. டேஷ்போர்டுல இருக்குற ஒரு ஓட்டை வண்டிக்காரனுக்குச் சொந்தமாச்சு. 1983 டிசம்பர்ல மாருதி 800 வந்தப்புறம் நம்ம நாட்டுல பல வருஷம் விலை குறைஞ்ச மாடல்கள் செட்டு இல்லாமத்தான் வந்துச்சு. அந்த இடத்துல ஒரு பிளாஸ்டிக் மூடி மட்டும். அதைக் கழட்டி உள்ள என்ன வைக்கிறதுங்கிறது உங்க இஷ்டம், உங்க பர்ஸ். சென்னை ஜி.பி. ரோட்டுல இருந்து உள்ளூர் ஆட்டோ எலக்ட்ரிக்கல்ஸ் கடை வரைக்கும் ஒரு தொழிலே அந்த மூடியை நம்பி நடந்துச்சு. எங்க மாமா ஒருத்தர் திராட்சைப் பெட்டி ஏத்துற ஆம்னி வேன்ல அந்த ஒரே ஓட்டையில கேசட், சிடி, யூஎஸ்பின்னு மூணு தலைமுறை செட்டை மாத்தினாரு. வேன் மாறல, வயரும் மாறல. மஞ்சள் மஞ்சளோட, சிவப்பு சிவப்போட.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கும் இதே மாதிரி ஒரு பிறவி. பீடி சிகரெட் பத்தவைக்க வச்ச குழி அது. யாரும் திட்டம் போடல, ஆனா அதுதான் உலகத்துக்கே பொதுவான கரண்ட் பாயிண்ட் ஆயிடுச்சு. செல்போன் சார்ஜர் வந்தப்போ நம்ம ஆளுங்க 7805 ஐசியை வச்சு 5 வோல்ட் எடுத்துப் பார்த்தாங்க. 14.4ல இருந்து 5 போனா மிச்சம் 9.4 வோல்ட், ஒரு ஆம்பியர் இழுத்தா 9 வாட்டுக்கும் மேல சூடா மட்டுமே போகும். தோசை சுடலாம். 34063 மாதிரி ஸ்விட்ச்சிங் ஐசி சார்ஜருக்குள்ள வந்ததுக்குக் காரணம் இதுதான்.

ரிவர்ஸ் பாட்டு சட்டமான கதை

யூஎம்66 ஞாபகம் இருக்கா? மூணு கால், பார்க்க டிரான்சிஸ்டர் மாதிரி, 3 வோல்ட் கொடுத்தா பாட்டு பாடும். வாழ்த்து அட்டைக்கு வந்தது. நம்ம ஊர்ல ரிவர்ஸ் லைட் வயர்ல இருந்து கரண்ட் எடுத்து, ஒரு ஜீனர் போட்டு 3 வோல்ட் ஆக்கி, ஒரு டிரான்சிஸ்டர், ஒரு சின்ன ஸ்பீக்கர்னு வச்சு ரிவர்ஸ் ஹார்ன் ஆக்கிட்டாங்க. வண்டி பின்னால வருதுன்னா பீத்தோவன் பாடுவாரு. தெருப் பிள்ளைங்க ஒதுங்கிக்கும். சிரிக்கலாம், ஆனா அது ஒரு பாதுகாப்புக் கருவி. அப்புறம் பம்பர்ல ஓட்டை போட்டு சென்சார் மாட்டுற கிட் வந்துச்சு. 2019 ஜூலை 1 முதல் புதுக் கார் எல்லாத்துலயும் ரிவர்ஸ் சென்சார், சீட் பெல்ட் எச்சரிக்கை, வேகம் 80ஐத் தாண்டினா பீப் சத்தம் எல்லாம் கட்டாயம்னு சட்டமாச்சு.

கவனிச்சீங்களா? 1933ல 'அனுமதி இல்லாம வைக்காதே'ன்னு சொன்ன சர்க்கார், 2019ல 'வைக்காம விக்காதே'ன்னு சொல்லுது. 2021 பிப்ரவரியில ஃபாஸ்டேக் கட்டாயமாச்சு. கண்ணாடியில ஒட்டுற அந்தத் துண்டுக்குள்ளயும் ஒரு சிப்தான்.

பியூஸ்

இவ்வளவு பெருமை பேசிட்டு இதைச் சொல்லாம விட்டா பாவம். கைவேலையோட இன்னொரு முகம் தீ.

பன்னிரண்டு வோல்ட் ஆளைக் கொல்லாதுன்னு ஒரு தைரியம் எல்லாருக்கும். தொட்டா ஷாக் அடிக்காது, வாஸ்தவம். ஆனா கார் பேட்டரி ஷார்ட் ஆனா நூத்துக்கணக்கான ஆம்பியர் கொட்டும். மெல்லிசு வயர் ஒண்ணு பாடித் தகரத்துல உரசித் தோல் கிழிஞ்சா, பல்ப் இழை மாதிரி சிவந்து, பக்கத்துல இருக்குற பஞ்சையும் ரெக்சினையும் பத்த வச்சுடும். பியூஸ் இருக்குறது செட்டைக் காப்பாத்த இல்லீங்க, வயரைக் காப்பாத்த. அதனாலதான் அது செட்டுக்குப் பக்கத்துல இருந்தா மட்டும் போதாது. பேட்டரியில இருந்து தனியா வயர் இழுத்தா, பேட்டரி முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ள ஒரு பியூஸ் இருக்கணும். அந்த வயர் தாங்குற ஆம்பியருக்கு மேல பியூஸ் போடக் கூடாது. தகரத்துல ஓட்டை வழியா போற இடத்துல ரப்பர் வளையம் வேணும். இந்த மூணும் சேர்த்து ஐம்பது நூறு ரூபாய் சமாச்சாரம். வயரை முறுக்கி டேப் சுத்தி, பியூஸ் போச்சுன்னா சிகரெட் ஜிகினாத் தாளைச் சுத்தி வைக்கிற ஆளுங்களை நான் பார்த்திருக்கேன். அந்த வண்டி நாளைக்கு காலையில ஆளுங்களை ஏத்திக்கிட்டு போடிமெட்டு வளைவுல ஏறும். இதுல விளையாட்டு கூடாது.

மூடின ஓட்டை

இன்னிக்கு ஷோரூம்ல நிக்கிற வண்டியில அந்த 180க்கு 50 பெரும்பாலும் இல்ல. பெரிய திரை ஒண்ணு. அதுக்குள்ளேயே பாட்டு, ரிவர்ஸ் கேமரா, சிலதுல ஏசி. ஸ்டீயரிங்ல இருக்குற பட்டன் நேரா செட்டுக்குப் போற வயர் இல்ல. பல கருவிகள் ரெண்டே வயர்ல மாத்தி மாத்திப் பேசிக்கிற கேன் முறை. டெஸ்ட் லேம்ப் வச்சுக் குத்திப் பார்த்தா ஒண்ணும் புரியாது. வயரை வெட்டினா வாரண்டி கிடையாதுன்னு முதல் நாளே சொல்லிடுறாங்க. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. அந்தத் தீர்ப்பு பேசினது பதிவுச் சான்றுல இருக்குற விவரங்களைப் பத்தி, பாட்டுப் பெட்டியைப் பத்தி இல்ல. ஆனா காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரியுதுல்ல?

புது வண்டிங்க பழசை விடப் பாதுகாப்புதான், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. கம்பெனி போட்ட வயரிங்ல பியூஸ் இல்லாத வயர் அபூர்வம். என் கவலை வேற. ஒரு திரை போச்சுன்னா மொத்தத்தையும் கழட்டி, கம்பெனி சொல்ற விலைக்கு வாங்கணும். பழைய ஹைவே ஹை-ஃபை யோசனை வேற வேஷத்துல திரும்பி வந்திருக்கு. அன்னிக்கு அது தோத்துச்சு, பக்கத்துலயே ரேடியோ இருந்துச்சு. இன்னிக்கு பக்கத்துல வேற ஓட்டையே இல்ல.

இன்னொரு கவலை அந்த ஆளுங்களைப் பத்தி. டெஸ்ட் லேம்பைக் காதுல செருகிக்கிட்டு, ஸ்டீயரிங்குக்கு அடியில தலைகீழாப் படுத்து, இருட்டுல கை வச்சே எது மஞ்சள் எது சிவப்புன்னு கண்டுபிடிக்கிற ஆட்டோ எலக்ட்ரீசியன்கள். கால்வினைப் பத்தி எழுத அமெரிக்காவுல புத்தகம் இருக்கு. ஜி.டி. நாயுடுவுக்குக் கோயமுத்தூர்ல அருங்காட்சியகம் இருக்கு. ஏலத்தோட்டத்து ஜீப்புல முதல் டெக் மாட்டினவங்களைப் பத்தி ஒரு வரி கூட எங்கயும் இல்ல. அவங்க டைனமோவையும் பார்த்தவங்க, 4440ஐயும் பார்த்தவங்க. இப்ப அறுபது எழுபது வயசு இருக்கும்.

அதனால ஒரே ஒரு விண்ணப்பம். உங்க ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல அப்படி ஒரு கடை இன்னும் இருக்கும். அடுத்த தடவை போகும்போது ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "அண்ணே, முதல்ல எந்த வண்டியில செட்டு மாட்டுனீங்க?"ன்னு கேளுங்க. சொல்றதை அப்படியே எழுதி வைங்க. அவரு சொல்றதுதான் இந்த வரலாற்றுல நம்ம பக்கத்துப் பாதி.